பிராங்கோ காலத்து ஸ்பெயின் நிம்மதியாக இருந்ததா?

அடுத்த கேள்விக்கு வருவோம். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஸ்பெயினை பிராங்கோ 36 ஆண்டுகள் ஆண்டார். அவர் காலத்தில் திருட்டு இல்லை, வேலைநிறுத்தம் இல்லை, நாடு முன்னேறியது என்று அங்கே இன்றும் சிலர் சொல்வதாகப் படித்தேன். அப்படியானால் மக்கள் நிம்மதியாகத்தானே இருந்திருக்கிறார்கள்? இறந்து 44 ஆண்டுகள் கழித்து அவர் உடலை ஏன் தோண்டி எடுத்தார்கள்?"

கோபப்படாமல் பதில் சொல்ல முயல்கிறேன். பிராங்கோ ஒரு ராணுவத் தளபதி. 1936-இல் தேர்தலில் வந்த குடியரசு அரசை எதிர்த்துக் கிளம்பி, உள்நாட்டுப் போரில் வென்று, 1975-இல் சாகும்வரை சர்வாதிகாரியாக இருந்தவர். முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் தெற்கே மாலகா மாகாணத்தில் மீஹாஸ் என்று ஒரு மலை ஊர். அங்கே முடிதிருத்தும் தொழில் செய்தவர் மானுவல் கோர்டெஸ். சோஷலிஸ்ட் கட்சிக்காரர். உள்நாட்டுப் போர் தொடங்கிய 1936-இல் அவர்தான் ஊரின் மேயர். 1939-இல் போர் முடிந்தது, அவர் சார்ந்த குடியரசுத் தரப்பு தோற்றது. ஒரு ராத்திரி யாருக்கும் தெரியாமல் வீடு வந்து சேர்ந்தார். சரணடைந்தால் சுட்டுவிடுவார்கள் என்று மனைவி சொன்னார். சுவருக்குள் இருந்த ஒரு பொந்தில் ஒளிந்துகொண்டார். சில வாரம் ஒளிந்திருந்தால் போதும் என்றுதான் நினைத்திருப்பார். வெளியே வந்தது 1969 ஏப்ரலில். முப்பது ஆண்டுகள்! மனைவி முட்டை வியாபாரம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். அவர் ஒளிந்தபோது சின்னஞ்சிறு குழந்தையாக இருந்த மகள், அப்பா வீட்டில் இருக்கிறார் என்பதை வெளியே மூச்சுவிடாமலே வளர்ந்து பெரியவளானாள். போர்க்காலக் குற்றங்கள் காலாவதியாகிவிட்டன என்று அரசு அறிவித்த பிறகுதான் அந்த மனிதர் தெருவில் கால் வைத்தார்.

அவர் செய்த குற்றம் என்ன? மேயராக இருந்தது. 1939 பிப்ரவரியில் பிராங்கோ ஒரு சட்டம் போட்டார். அது 1934 அக்டோபர் வரைக்கும் பின்னோக்கிப் பாய்ந்தது. சட்டப்படி நடந்த கட்சியில் சட்டப்படி உறுப்பினராக இருந்தவர்கூட அதன்படி குற்றவாளி. போர் முடிந்த பிறகும் பல்லாயிரம் பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மீஹாஸ் வீட்டுச் சுவரை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த "நிம்மதி"யைப் பாருங்கள். ஊர் அமைதியாகத்தான் இருந்தது. யாரும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

"திருட்டு இல்லை" என்கிறார்களே, திருட்டு நடந்தால் எழுதுவதற்குப் பத்திரிகை வேண்டுமே! 1938-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் 1966 வரை நீடித்தது. தணிக்கையாளர் கண்ணில் படாமல் ஒரு வரி அச்சேறாது. 1939 முதல் 1952 வரை ரேஷன் அட்டைக் காலம். அதைப் பசி ஆண்டுகள் என்றே ஸ்பானியர்கள் இன்றும் சொல்கிறார்கள். எந்த நாட்டிலிருந்தும் எதுவும் வாங்க மாட்டோம், எல்லாவற்றையும் நாமே விளைவிப்போம் என்று பிராங்கோ வீம்பு பிடித்தார். விலையையும் அரசே குறைவாக வைத்தது. விளைவு, தானியத்தில் பெரும்பகுதி பதுக்கலுக்குப் போனது. ரேஷனில் கிடைத்தது கறுப்பு ரொட்டி. வெள்ளை ரொட்டி வேண்டுமென்றால் கள்ளச் சந்தைக்குத்தான் போக வேண்டும். அந்தச் சந்தைக்கு அவர்கள் வைத்த பெயர் எஸ்ட்ராபெர்லோ. போருக்கு முன் சூதாட்டச் சக்கரத்தில் மோசடி செய்து மாட்டிய இரண்டு பேரின் பெயர்களை ஒட்டிப் பிறந்த சொல் அது. அந்த வியாபாரத்தில் கொழுத்தவர்கள் பெரும்பாலும் ஆட்சிக்கு வேண்டியவர்கள். ஒரு கிலோ மாவைப் பாவாடைக்குள் மறைத்து எடுத்துவந்த ஏழைப் பெண் பிடிபட்டாள்.

வேலைநிறுத்தம் இல்லை என்பதும் சரியல்ல. 1951 மார்ச்சில் பார்சிலோனாவில் டிராம் கட்டணத்தை 50 சென்டிமோவிலிருந்து 70 ஆக்கினார்கள். ஊரே டிராமைப் புறக்கணித்து நடந்தது. ஞாயிற்றுக்கிழமை கால்பந்தாட்டம் முடிந்து வெளியே வந்த கூட்டம், வாசலில் வரிசையாகக் காத்து நின்ற டிராம்களை ஏறெடுத்தும் பார்க்காமல் கொட்டும் மழையில் நனைந்தபடி வீட்டுக்கு நடந்தது. கட்டணத்தைக் குறைத்தார்கள். 1962-இல் வடக்கே அஸ்டூரியாஸ் பகுதியின் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் சட்டப்படி குற்றமாக இருந்த நாட்டில் நடந்தவை இவை.

முன்னேற்றம்? இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எப்போது? 1953-இல் அமெரிக்காவுக்கு ராணுவத் தளம் கொடுத்துப் பணம் வாங்கினார். 1959-இல் கஜானா காலியாகி, வேறு வழியில்லாமல் பழைய பொருளாதாரக் கொள்கையை மூட்டைகட்டி வைத்தார். அதன் பிறகுதான் தொழிற்சாலைகள் பெருகின. சியாட் 600 என்ற சின்னக் கார் நடுத்தர வீடுகளின் வாசலுக்கு வந்தது. 1960-இல் ஏறத்தாழ 60 லட்சமாக இருந்த சுற்றுலாப் பயணிகள் 1970களின் தொடக்கத்தில் மூன்று கோடியைத் தாண்டினார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான ஸ்பானியர்கள் ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று பிழைக்கப்போய் அங்கிருந்து பணம் அனுப்பினார்கள். இருபது ஆண்டு பட்டினி போட்ட கொள்கையைக் கைவிட்டதற்கு ஒருவருக்குப் பாராட்டா? என்னால் முடியாது.

சரி, சுடப்படாத, சிறைக்குப் போகாத ஒரு சாதாரண வீட்டில் என்ன நடந்தது? கணவன் கையெழுத்தில்லாமல் மனைவி வங்கிக் கணக்கு தொடங்க முடியாது, வேலையில் சேர முடியாது. இந்த விதி நீங்கியது 1975 மே மாதம். பிராங்கோ சாக ஆறு மாதம் இருக்கும்போது. குடியரசு 1932-இல் கொண்டுவந்த விவாகரத்தை அவர் ரத்து செய்தார். அது திரும்பி வர 1981 ஆயிற்று. நாட்டின் சில பகுதிகளில் தாய்மொழியாக இருக்கும் கட்டலான், பாஸ்க் மொழிகளைப் பள்ளியில் பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை. தணிக்கையின் லட்சணத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஆப்பிரிக்காவில் நடக்கும் ஒரு ஹாலிவுட் படத்தில், திருமணமான பெண் இன்னொருவரைக் காதலிக்கிறாள். கற்புக்குக் களங்கம் வரக்கூடாதே என்று, ஸ்பானிய டப்பிங்கில் அவளையும் அவள் கணவனையும் அண்ணன் தங்கையாக மாற்றிவிட்டார்கள். ஒரே கூடாரத்தில் தங்கும் அண்ணனும் தங்கையும் எதற்காக இப்படி நெருக்கமாக இருக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் திகைத்தார்கள். தகாத காதலை மறைக்கப்போய் அதைவிடத் தகாத ஒன்றை உண்டாக்கினார்கள்.

இடையில் ஒன்று: 1940-இல் ஸ்பெயினின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்தார்கள். இன்றுவரை அப்படியே இருக்கிறது. லண்டனுக்கு நேர் கீழே இருக்கும் நாடு பெர்லின் நேரத்தில் ஓடுகிறது. ஸ்பானியர்கள் ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடுவதைப் பார்த்து வியக்கிறோமே, அதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இனிக் கல்லறை. மாட்ரிட் அருகே ஒரு பாறை மலையைக் குடைந்து, அரசியல் கைதிகளின் உழைப்பையும் சேர்த்து, 1940 முதல் 1959 வரை ஒரு பெரிய தேவாலயத்தைக் கட்டினார் பிராங்கோ. மேலே 150 மீட்டர் உயரச் சிலுவை. 2022 வரை அதற்கு வீழ்ந்தோர் பள்ளத்தாக்கு என்று பெயர். உள்ளே 33,000-க்கும் மேற்பட்டோரின் எலும்புகள். அவர்களில் பலர் அவருடைய ஆட்களாலேயே கொல்லப்பட்டவர்கள். குடும்பத்துக்குத் தெரியாமல் புதைகுழிகளிலிருந்து அள்ளிப் பெட்டிகளில் கொண்டுவந்தார்கள். 1975-இல் பிராங்கோவையும் அங்கேயே, பலிபீடத்துக்குப் பக்கத்தில், புதைத்தார்கள். கொன்றவருக்கு நடுக்கூடத்தில் தினம் புதுப் பூ, கொல்லப்பட்டவருக்குப் பெயர்கூட இல்லை. 2019 அக்டோபர் 24 அன்று அவர் உடலை எடுத்து, ஹெலிகாப்டரில் ஏற்றி, மனைவியின் கல்லறை இருக்கும் மிங்கோர்ரூபியோ இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஏன் இத்தனை தாமதம் என்றால், 1977-இல் ஒரு பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. சிறையிலிருந்த எதிர்ப்பாளர்கள் வெளியே வந்தார்கள். கூடவே, சித்திரவதை செய்த அதிகாரிகளும் கேள்வியிலிருந்து தப்பினார்கள். ராணுவம் மறுபடி கிளம்பிவிடும் என்ற பயம் இருந்தது. 1981-இல் உண்மையிலேயே கிளம்பியும் பார்த்தது. அதனால் பேச்சைப் புதைத்தார்கள். புதைகுழிகளைக் கொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் தோண்டத் தொடங்கினார்கள். 2000-இல் பிரியாரன்சா என்ற ஊரில் 13 உடல்கள் கிடைத்தன. பிறகு நாடெங்கும்.

பலென்சியா நகரில் குழந்தைகள் பூங்கா ஒன்றின் அடியில் தோண்டியபோது, 1936 செப்டம்பரில் சுடப்பட்ட ஒரு தாயின் எலும்புகளோடு ஒரு கிலுகிலுப்பை கிடைத்தது. வண்ணம் போட்ட விளையாட்டுப் பொருள், சாயம்கூடப் போகவில்லை. அவளுக்கு நான்கு பிள்ளைகள். கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. பிராங்கோவை இடம் மாற்றிய அதே 2019-இல் அந்தக் கிலுகிலுப்பையை அந்தப் பிள்ளையிடம் கொடுத்தார்கள். அவருக்கு அப்போது வயது 83.