உலகியற்றியானையும் கேள்வி கேட்கும் அறம்

(மலேசியாவின் கெடா மாநிலம், பீடோங்கில் நடந்த இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆலயத் தலைவர் அவர்களே, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே தலை நரைத்த பெரியவர்களே, தாய்மார்களே, தேர்வு நெருங்கியும் வந்திருக்கிற மாணவச் செல்வங்களே, வணக்கம்.

கடவுள் நம்பிக்கை இல்லாமல் எல்லாருக்கும் பொதுவான அறம் இருக்க முடியுமா என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. சுவரொட்டியைப் பார்த்த நண்பர் ஒருவர் பதறிப்போனார். "நம் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்தானே, ஐயா?" என்றார். ஆமாம், 1970-இல் அறிவிக்கப்பட்ட ஐந்து கோட்பாடுகளில் அதுதான் முதலாவது. ஐந்தாவது எது என்று அவரைக் கேட்டேன். நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பேணுதல். முதலாவதிலேயே எல்லாம் அடங்கிவிடும் என்று எழுதியவர்கள் எண்ணியிருந்தால் ஐந்தாவதைத் தனியாக எழுதியிருக்க வேண்டாமே! இது வக்கீல் வாதம்தான், ஒப்புக்கொள்கிறேன். இதன் மேல் நான் அதிகம் பாரம் ஏற்றப் போவதில்லை.

சாமி கும்பிடாதவர்களில் நல்லவர்கள் உண்டா என்பது இன்றைய கேள்வியில்லை. உண்டு. பட்டை பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு ஏழையிடம் வட்டி மேல் வட்டி வாங்குகிறவர்களும் உண்டு. இரண்டையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கேள்வி வேறு. "இது தவறு" என்று சொல்லும்போது நம் விருப்பு வெறுப்பைத்தான் சொல்கிறோமா? அல்லது ஊரே தலையாட்டினாலும், சட்டமே அனுமதித்தாலும் தவறாகவே இருக்கிற ஒன்றைச் சொல்கிறோமா? அப்படி ஒன்று இருக்குமானால் அது எதன் மேல் நிற்கிறது?

இதற்காக வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. இந்த வட்டாரத்தின் கள்ளுக்கடைகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தோட்டத்துக் கள்ளுக்கடை சட்டப்படி நடந்தது. சம்பளத்தைக் கொடுத்த நிர்வாகமே அந்தச் சம்பளத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் ஒரு வழி வைத்திருந்தது. கடை இலாபத்தில் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு நிதி இருந்தது. பல தோட்டங்களில் திருவிழாவுக்கும் அதிலிருந்து உதவி போனது. அம்மன் தேருக்கே கள்ளுக்காசு! குடித்தவர்களில் பெரும்பாலோர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. காலையில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, வெயில் ஏறும்வரை மரம் வெட்டி, பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வருகிற உடம்புக்கு அது ஒன்றுதான் சுகம் என்றார்கள்.

ஆக, சட்டம் சரி என்றது. வழக்கம் சரி என்றது. துரை சரி என்றார், கணக்கு எழுதிய கிராணி சரி என்றார், வேலை வாங்கிய கங்காணியும் சரி என்றார். யார் தவறு என்றார்கள்? தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டில் அடி வாங்கிய பெண்கள். பசியோடு படுத்த பிள்ளைகள். பிறகு, இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த இளைஞர்கள். ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி திரட்டிய தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன்னால் மறியல் செய்தது. 1947 பிப்ரவரி இறுதியில் இதே பீடோங்கில் கள்ளுக்கடை எதிர்ப்பு ஊர்வலத்தில் போலீசாருடன் மோதல் ஏற்பட்டு ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

அந்தக் காலத்து எதிர்ப்பில் மாரியம்மனைக் கும்பிட்டவர்களும் இருந்தார்கள். 1929 இறுதியில் பினாங்கில் வந்திறங்கிய பெரியாரின் பேச்சால் கோயிலை விட்டு விலகியவர்களும் இருந்தார்கள். ஒருவர் அம்மன் மேல் ஆணையிட்டிருப்பார், இன்னொருவர் தன்மானத்தின் மேல். ஆனால் கள்ளுக்கடை ஏன் தவறு என்று கேட்டால் இருவரும் ஒரே வீட்டுக்குள் கைநீட்டிக் காட்டியிருப்பார்கள்: அந்தப் பெண்ணின் முகத்தைப் பார், அந்தப் பிள்ளையின் வயிற்றைப் பார் என்று. நம்பிக்கை மாறியபோதும் காரணம் மாறவில்லை. நான் இங்கே சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கு முட்டுக் கொடுப்பது.

கடவுள் சொன்னதால்தான் நல்லது நல்லதாகிறது என்பது ஒரு கட்சி. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில் இதற்கு எதிர்க்கேள்வி வருகிறது. யூதிஃப்ரோ என்பவர் தன் தந்தை மீதே கொலை வழக்குப் போட வந்திருக்கிறார். இறந்தது யார் தெரியுமா? அவர்கள் நிலத்தில் வேலை செய்த ஒரு கூலியாள். அவன் ஓர் அடிமையைக் கொன்றுவிட்டான் என்று தந்தை அவனைக் கைகாலைக் கட்டிப் பள்ளத்தில் போட்டார். பசியிலும் குளிரிலும் செத்துப்போனான். போயும் போயும் ஒரு கூலிக்காகப் பெற்ற தகப்பனையே வழக்குக்கு இழுப்பதா என்று உறவினர்கள் கொதிக்கிறார்கள். தோட்டத்துக் கதை மாதிரியே இல்லையா! தெய்வங்களுக்கு உகந்ததைத்தான் செய்கிறேன் என்கிறார் மகன். சாக்ரட்டீஸ் கேட்கிறார்: தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா?

முதலாவதைச் சொன்னால், நாளைக்குத் தெய்வம் கூலியாளைக் கொல்லச் சொன்னால் அதுவும் நல்லதாகிவிடும். இரண்டாவதைச் சொன்னால், நல்லது தெய்வத்துக்கு முன்பே நல்லதாக இருக்கிறது. கடவுளின் இயல்பே நன்மை, அதனால் அவர் அப்படிச் சொல்லவே மாட்டார் என்று சமய அறிஞர்கள் பதில் சொல்வார்கள். நல்ல பதில்தான். ஆனால் அந்த இயல்பு நல்லது என்று எதைக் கொண்டு கண்டோம்?

வள்ளுவரைப் பாருங்கள். முதல் அதிகாரத்தில் கடவுளை வாழ்த்தியவர்தான். அவரே இரவச்சத்தில்,

இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து
கெடுக உலகியற்றி யான்

என்று சபிக்கிறார். பிச்சையெடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டும் என்றால், உலகைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும்! படைத்தவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். அவன் சொல்வதே சட்டம் என்றால் இந்தக் குறளுக்குப் பொருளே இல்லை.

படைத்தவன் என்று ஒருவன் இல்லை என்று சொன்னவர்களும் நம் மொழியில் அறம் எழுதினார்கள். நாலடியார் சமண முனிவர்களுடையது. சமணத்தில் படைப்புக் கடவுள் கிடையாது. இங்கே பக்கத்தில் புக்கிட் மெரியாமில் கிடைத்த பழைய பௌத்தக் கல்வெட்டும் அறியாமையால் வினை சேர்கிறது, பிறப்புக்கு வினையே காரணம் என்றுதான் பேசுகிறது. அதில் ஆணையிடுகிற ஆண்டவன் இல்லை.

அப்படியானால் அறம் எதன் மேல் நிற்கிறது? ஜே.எல். மாக்கி என்ற தத்துவவாதி கடவுளையும் மறுத்தார். 1977-இல் எழுதிய நூலில், யார் ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும் நிற்கிற புறநிலை அறத்தையும் மறுத்தார். அப்படி ஒரு பொருள் உலகில் இருந்தால் அது வேறெதைப் போலவும் இல்லாத விசித்திரப் பொருளாக அல்லவா இருக்க வேண்டும் என்றார். அவரை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் ஸ்டோரில் பாலை எடை போட்டதை நினைத்துப் பாருங்கள். தராசில் கள்ளம் இருக்கிறது என்று வெட்டுக்காரன் முறையிட்டால், சரியான எடை எங்கே, காட்டு என்று யாரும் கேட்பதில்லை. அந்த எடை வாளியிலும் இல்லை, தராசிலும் இல்லை. ஆனாலும் அது இல்லாமல் கள்ளம் என்ற பேச்சே கிடையாது. அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு: இன்னொரு தராசில் வைத்துப் பார்ப்பது. அறத்தில் அந்த இன்னொரு தராசு என் இடத்தில் உன்னையும் உன் இடத்தில் என்னையும் வைத்துப் பார்ப்பதுதான்.

தன்னுயிர்க்கு இன்னாமை தானறிவான் என்கொலோ
மன்னுயிர்க்கு இன்னா செயல்

வலி தனக்குக் கெட்டது என்று அறிந்தவனுக்கு, அது பிறருக்குக் கெட்டதில்லை என்று சொல்ல ஒரு காரணமும் கிடையாது. இந்த வாதத்தில் நரகம் எங்கே வருகிறது?

தண்டிக்க ஆள் இல்லாவிட்டால் எவன் ஒழுங்காக இருப்பான் என்பீர்கள். போலீஸ் இருந்தும் திருட்டு நடக்கிறது. சாமி இருந்தும் நடக்கிறது. அது கிடக்கட்டும். வரவு பார்த்துச் செய்வதை நம் முன்னோர் எப்படிப் பார்த்தார்கள்? ஆய் என்ற வள்ளலைப் பாடிய முடமோசியார், இம்மையில் செய்தது மறுமைக்கு உதவும் என்று கணக்குப் போடும் 'அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்' என்கிறார். 'மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று' என்கிறது குறள். (மாணவர்கள் சிரிக்கிறார்கள். நன்னெறிக் கல்வித் தேர்வுக்கு நெறிகளை மனப்பாடம் செய்கிற உங்களுக்கு வணிகம் என்றால் என்னவென்று தெரியும்தான்.)

இனி என் பக்கத்து ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். அறம் வெறும் அறிவிலிருந்தே கிளம்பும் என்று 1785-இல் எழுதிய ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட், மூன்று ஆண்டுகள் கழித்துக் கடவுளைத் திரும்ப அழைத்தார். எது சரி என்று சொல்வதற்காக அழைக்கவில்லை. நல்லவனுக்கு அதற்குத் தக்க நல்வாழ்வு கிடைக்க வேண்டுமே, அதை உறுதிசெய்ய யார் இருக்கிறார் என்ற ஏக்கத்தில் அழைத்தார். 1947-இல் இங்கே இறந்த அந்தத் தொழிலாளிக்கு எங்காவது ஒரு நாள் நீதி கிடைக்கும் என்று நம்பிக்கையாளர் சொல்லலாம். என்னால் சொல்ல முடியாது. அது அநீதி என்று அடித்துச் சொல்வேன். அந்தக் கணக்கு நேராகும் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அந்த ஆறுதலை அவருடைய தாயிடமிருந்து பிடுங்கவும் எனக்கு மனம் வராது.

இதற்கு ஆலயத் தலைவர் பதில் வைத்திருப்பார். அடுத்து அவர்தான் பேசுகிறார். கேட்பதற்காக நானும் கீழே வந்து உட்காருகிறேன்.