பால் கறக்குற கெழவி

எல்லாருக்கும் வணக்கம். நான் பேச்சாளர்லாம் கெடையாது, நூலகத்துல ஓரமா ஒக்காந்து பேப்பர் படிக்கிற ஆளு, புடிச்சு மைக்கு முன்னாடி நிறுத்திட்டாங்க. குறுவை அறுப்ப போட்டுட்டு வந்துருக்கீங்க, அதனால இழுக்க மாட்டேன்.

சோவியத் நாட்டுல செர்னோபில் அணு உலை வெடிச்சதப் பத்தின 'செர்னோபில்' சீரியல் 2019-ல வந்தது, மொத்தமே அஞ்சு எபிசோடு. நம்ம வீட்டு சீரியல்ல அஞ்சு எபிசோடுக்கு மாமியார் மாடிப்படி எறங்கியே முடிச்சிருக்க மாட்டாங்க, அது வேற கதை. 1986 ஏப்ரல் 26 விடியக்காலம் அணு உலை வெடிக்குது, பக்கத்துல பிரிப்யாட்ங்குற ஊர்ல கிட்டத்தட்ட 50,000 சனம், ஒருத்தரும் அவங்ககிட்ட வெவரம் சொல்லல, மறுநாள் மத்தியானம்தான் பஸ்ஸுல ஏத்துறாங்க. சோவியத் அரசாங்கம் டிவில ஒத்துக்கிட்டதே 28 ராத்திரி, அதுவும் சுவீடன்ல கதிர்வீச்சு பாக்குற கருவி காட்டிக் குடுத்த பொறவு. கடைசி எபிசோடு கோர்ட்டுல விஞ்ஞானி லெகசோவ் பேசுறாருல்ல, அது கற்பனை, நெசத்துல அவரு அந்த விசாரணைக்கே போவல.

எனக்கு அதெல்லாம் விட நாலாவது எபிசோடு ஆரம்பம்தான். ஒரு கெழவி பால் கறந்துட்டு இருக்கு, சிப்பாய் வந்து காலி பண்ணுங்குறான். அது கைய நிறுத்தாமலே சொல்லுது, ஜார் ஆளுங்க வந்தாங்க, புரட்சி வந்துச்சு, ஸ்டாலின் காலத்துப் பஞ்சம், ஜெர்மன்காரன், எவன் வந்தப்பவும் நான் போவல, கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்காக இப்ப போவணுமான்னு. அவன் வாளியப் புடுங்கி பாலக் கொட்டுறான். அது வாளிய இழுத்து வச்சுட்டு திரும்ப காம்பப் புடிக்குது. துப்பாக்கிச் சத்தம். மாடு சாயுது.

எங்கம்மாவுக்கு போன்ல காட்டுனேன், "அவுத்து ஓட்டி வுட்ருக்கலாம்ல, மாடு என்னடா பண்ணுச்சு"ன்னுச்சு. எனக்கு எங்க அப்பாயி ஞாபகம்தான். பண்ணையாளா இருந்தது. பண்ணையில தண்டனைன்னு சாணியக் கரைச்சுக் குடிக்க வைக்கிற சாணிப்பால், சவுக்கடி பத்திப் பேச்சு வந்தா குரல் தானா எறங்கிடும். மிராசு செத்து இருவது வருசம், பண்ணை வீட்ல வவ்வா தொங்குது, அப்பவும் வாசக்கதவ ஒரு தரம் பாத்துட்டுத்தான் பேசும். 1952-லயே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு, ஆனா 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில கூலி ஒசத்திக் கேட்ட தகராறுல 44 பேரு ஒரே குடிசையில வெந்தாங்களே, அப்பறம் அது கதவப் பாக்காம என்ன செய்யும்?

இத எவனாச்சும் அஞ்சு எபிசோடு எடுத்தான்னா மொத சீனு அப்பாயி கதவப் பாக்குறதுதான், நான் ஓசியிலயே கதை சொல்றேன். முன் வரிசையில இருக்க பெரியம்மாங்களா, ஒங்க பேரப்புள்ளைங்க கையில போன் இருக்கு, ரெக்கார்டு போடச் சொல்லிட்டுப் பேசுங்க, கதவு தொறந்தே கெடக்கட்டும். சரி, டீ ஆறுது.