வரிசையில நிக்க வைக்காதீங்க

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்! பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து பேசுறேன். நடுவுல மோனோரயில் சத்தம் வரும், பொறுத்துக்கங்க.

இந்த வாரம் லேவியராகமம் 19, 9ஆம் 10ஆம் வசனம். வயலை ஓரம் வரைக்கும் ஒட்ட அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும், வேற தேசத்துல இருந்து வந்த பரதேசிக்கும் விட்டுடு. மோவாப்ல இருந்து வந்த ரூத், போவாஸ் வயல்ல பொறுக்கினது இந்தச் சட்டத்தாலதான். நம்ம பெந்தெகொஸ்தே நாளுக்கு வேரான அந்த அறுப்புப் பண்டிகையில, யூத ஜெபஆலயங்கள்ல ரூத் புத்தகத்தை வாசிப்பாங்க.

ஓரம்னா எவ்வளவு? மோசே சொல்லலை. கி.பி. 200 வாக்குல தொகுத்த யூத சட்டத் தொகுப்பான மிஷ்னாவுல, ரபிமார், அதாவது யூத வேத ஆசிரியர்கள், 'இதுக்கு அளவே இல்லை'ன்னு ஆரம்பிக்கிறாங்க. கொஞ்சம் தள்ளி, '60ல ஒரு பங்குக்குக் குறையக் கூடாது'ங்கிறாங்க. மனுஷ புத்தி தெரிஞ்சவங்க!

ஆனா என்னைப் பிடிச்சு உட்கார வெச்சது வேற. ஏன் வயல் கோடியில விடணும்னு ரபி சிமியோன் காரணம் சொல்றார். இஷ்டப்பட்ட இடத்துல விடலாம்னா, வயல்காரர் ஆள் இல்லாத நேரமா பாத்துத் தன் சொந்தக்காரனைக் கூப்பிட்டுக் கொடுத்துடுவார். அதோட, ஏழைங்க 'இப்ப விடுவாரா, அப்புறம் விடுவாரா'ன்னு பொழுதெல்லாம் காத்துக் கிடக்கணும். பாருங்க, அவங்க நேரத்துக்கும் மதிப்பு வெச்சிருக்காங்க.

ஒரு சபையில கிறிஸ்மஸ் அரிசி கொடுத்தாங்க. காலையிலயே வரச் சொல்லிட்டு, வைபி, அதான் நம்ம சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரைச் சொல்றோமே, அவர் வந்த பிறகுதான் ஆரம்பிச்சாங்க. ஒரு பாட்டி அரிசிப் பையை இடுப்போட அணைச்சுக்கிட்டு நகரப் பாத்தாங்க. போட்டோக்காரர், "பாட்டி, பேனரை மறைக்கிறீங்க, கொஞ்சம் தள்ளுங்க... பையில பேர் இருக்கிற பக்கத்தைத் திருப்புங்க"ங்கிறார். பாட்டி திருப்பினாங்க. சிரிக்கவும் சொன்னார்.

மிஷ்னாவுல என்ன இருக்கு தெரியுமா? வயல் ஓரத்தை 99 ஏழைங்க 'நீங்களே பங்கு போட்டுக் கொடுங்க'ன்னு கேட்டாலும், ஒருத்தர் 'நாங்களே எடுத்துக்கிறோம்'னா, அந்த ஒருத்தர் பேச்சைத்தான் கேட்கணும். பேரீச்ச மரம் மாதிரின்னா ஏறினா ஆபத்து, அதனால வயல்காரரே இறக்கிப் பங்கு வைக்கணும். அதாவது, கொடுக்கிறவர் நடுவுல வர்றது ஏழைக்கு அடிபடாம இருக்கத்தான், அவர் முகம் தெரியறதுக்கு இல்லை.

உடனே ஒரு பிரதர் கேட்பார், "இப்படி விட்டா ஏமாத்த மாட்டாங்களா?" ஏமாத்துவாங்கதான். ரபிமாருக்கும் அது தெரியும். 200 சூஸ், அதாவது அந்தக் காலத்து வெள்ளிக் காசு, கையில வெச்சிருக்கிறவன் எடுக்கக் கூடாது. தேவையில்லாம எடுக்கிறவன், சாகுறதுக்குள்ள நெஜமாவே பிறத்தியார் கையை எதிர்பார்க்க வேண்டி வரும்னு எழுதியிருக்காங்க. அந்தப் பேச்சு எடுக்கிறவனோட. வயல்காரரை வாசல்ல நின்னு ஐசி, அதான் அடையாள அட்டை, வாங்கிப் பாக்கச் சொல்லலை.

அடுத்த வாரம் உபாகமம் 24, வயல்ல மறந்துட்டு வந்த அரிக்கட்டு. வாசிச்சுட்டு வாங்க.