கினி: காசு போச்சு, கணக்கு போகல

வணக்கம் மக்களே. இன்னைக்கு கினி. கோழி இல்ல, பிரிட்டன் தங்கக் காசு.

1663-ல ரெண்டாம் சார்லஸ் காலத்துல வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவோட கினி கடற்கரைத் தங்கம்ங்கிறதால ஜனங்க வாயில அதே பேரு நின்னுடுச்சு. ஆப்பிரிக்கக் கம்பெனி கொண்டுவந்த தங்கத்துல அடிச்சிருந்தா, ராஜா தலைக்குக் கீழ குட்டி யானை இருக்கும். அழகாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கம்பெனி அடிமை வியாபாரமும் பண்ணுச்சு.

ஆரம்பத்துல 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. ஷில்லிங் வெள்ளிக் காசாச்சே, ஓரத்தை வெட்டி வெட்டி எடுத்ததுல அதுக்கு மதிப்பு விழுந்து, 1690-கள்ல கினி 30 ஷில்லிங் வரைக்கும் போச்சு. 1717-ல நாணயச்சாலைத் தலைவர் ஐசக் நியூட்டன் அறிக்கை குடுத்தப்புறம் 21 ஷில்லிங்னு நிர்ணயம் பண்ணாங்க.

1817-ல சவரன்ங்கிற ஒரு பவுண்டு தங்கக் காசு வந்ததும் கினிக்கு வேலை முடிஞ்சது. ஆனா டாக்டர், வக்கீல், ஓவியர் எல்லாம் ஃபீஸை ரொம்ப காலம் கினியிலயே சொன்னாங்க. இங்கிலாந்துல நியூமார்க்கெட்ங்கிற ஊர்ல டாட்டர்சால்ஸ் கம்பெனி நடத்துற குதிரை ஏலம் இப்பவும் கினியிலதான். 1 கினின்னா 1.05 பவுண்டு. பழைய வழக்கப்படி வாங்குறவர் கினியில கட்டுவார், விக்கிறவருக்கு அதே எண்ணிக்கை பவுண்டுல போகும், நடுவுல இருக்கிற ஷில்லிங் ஏலக்காரர் கமிஷன். 80,000-னு கேட்டு பவுண்டுன்னு நினைச்சா 4,000 பவுண்டு துண்டு விழும். 1.05-ஆல பெருக்கிட்டு அப்புறம் கை தூக்குங்க.

2000 கினி, 1000 கினின்னு அங்க ஓடுற ரேஸ் ரெண்டும் 1809, 1814-ல தொடங்குனது. மும்பை மகாலட்சுமியிலயும் இதே பேர்ல ரேஸ் உண்டு.

இப்ப முக்கியமான விஷயம். மூணாம் ஜார்ஜ் காலத்துல 1787-ல இருந்து 1799 வரைக்கும் வந்த கினியில, பின்பக்கக் கேடயம் மண்வெட்டி மாதிரி கூம்பி இருக்கும். அதைப் பாத்து சீட்டாட்டத்துக்குன்னு பித்தளை டோக்கன் நிறைய அடிச்சாங்க. பழைய கினி வாங்குறவங்க ஏமாறுறதெல்லாம் இங்கதான். லென்ஸ் வச்சுப் பின்பக்க எழுத்தைப் படிங்க. ‘பழைய நல்ல காலத்தின் நினைவாக’ன்னு இங்கிலீஷ்ல இருந்தா டோக்கன். அசல்ல லத்தீன் சுருக்கெழுத்துதான். அடுத்தது எடை: அசல் 22 கேரட், சுமார் 8.35 கிராம். அதே அளவு பித்தளை பாதி கூட வராது.

எடை சரியா இருந்தாலும் ஓரத்தை ஒரு சுத்து பாருங்க. செயின்ல மாட்ட வளையம் பத்தவச்சு எடுத்த தடம் இருந்தா, சேகரிக்கிறவங்க விலையைக் குறைச்சுத்தான் கேப்பாங்க.