பூனைக்கு இரங்கல் எழுதுதல்

மதிப்பிற்குரிய அவையோருக்கு வணக்கம்.

வீட்டில் வளர்ந்த பூனை இறந்தால் அதற்கு இரங்கல் குறிப்பு எழுதலாமா என்ற கேள்வியில் நான் நேரம் செலவிடப் போவதில்லை. எழுதலாம், எழுதத்தான் வேண்டும். எப்படி எழுதுவது என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன். மனிதர் ஒருவர் மறைந்தால், அவரைப் பற்றி எழுத உட்காருகிறவருக்குப் பிறப்புச் சான்றிதழும் பள்ளிப் பதிவேடும் கடிதங்களும் துணை நிற்கும். உடன் பணியாற்றியவர்களைக் கேட்டும் தெரிந்துகொள்ளலாம். பூனைக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரு தடுப்பூசி அட்டையையும் கைப்பேசியில் குவிந்திருக்கும் படங்களையும் விட்டால், அதன் வாழ்க்கை முழுவதும் அந்த வீட்டு மனிதர்கள் இரண்டு மூன்று பேருடைய நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்கள் எழுதி வைக்காவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

விலங்கின் இறப்பையும் அதன் செயலையும் பதிந்து வைப்பது புதிய வழக்கமும் அன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தைச் சேர்ந்த 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுக்கப்பட்ட அந்தக் கல்லில், வீரனுக்கு அருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது; அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்பதையும் கல்வெட்டு சொல்கிறது. ஒரு பெயர், ஒரு செயல், அவ்வளவுதான். நன்றியுள்ள நாய் என்று பொதுப்பட எழுதியிருந்தால் அது எந்த நாய்க்கும் பொருந்தியிருக்கும். பெயரையும் செயலையும் எழுதியதனால் ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்குப் பிறகும் அது கோவிவனாகவே இருக்கிறது.

பூனைக்கு எழுதப்பட்ட இரங்கல் குறிப்புகளில் என் மனத்தை விட்டு நீங்காதது, 1908 செப்டம்பரில் ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகி நெருங்கியவர்களுக்கு அனுப்பிய அஞ்சலட்டை. பூனையையே கதைசொல்லியாக வைத்து அவர் எழுதிய முதல் நாவல்தான் அவருக்குப் புகழ் தேடித் தந்தது. அதற்குத் தூண்டுதலாக இருந்த பூனை கடைசிவரை பெயர் வைக்கப்படாமலே அந்த வீட்டில் வாழ்ந்தது. நெடுநாள் நோயுற்றிருந்த பூனை சிகிச்சை பலனின்றி, முந்தைய இரவு, எப்போது என்று யாரும் அறியாத நேரத்தில், வீட்டின் பின்புறச் சாமான் அறையில் இருந்த அடுப்பின் மேல் இறந்துவிட்டது. வண்டிக்காரரைக் கொண்டு பெட்டியில் வைத்துப் பின் தோட்டத்தில் அடக்கம் செய்தாயிற்று. தாம் ஒரு நாவலை எழுதிக்கொண்டிருப்பதால் யாரும் துக்கத்திற்கு வர வேண்டியதில்லை. அட்டையில் இருந்த செய்தி இவ்வளவே. அழுததாக ஒரு சொல் இல்லை. ஆனால் எந்த இடத்தில் கிடந்தது, எந்த வேளையில் போயிற்று என்று தெரியாமல் போனது, யார் புதைத்தார் என்பவற்றையெல்லாம் சொல்லாமல் விட அவருக்கு மனம் வரவில்லை. புதைத்த இடத்தில் நட்ட மரக்குறியில் தம் கையாலேயே ஒரு ஹைக்கூவையும் எழுதி வைத்தார். துக்கம் அந்த விவரங்களுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

நாமோ எழுத உட்கார்ந்தவுடன் பழகிய தொடர்களைத்தான் நாடுகிறோம். ஈடு செய்ய முடியாத இழப்பு, ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம், எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டு என்றெல்லாம் எழுதிக்கொண்டே போகலாம். அவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவற்றில் அந்தப் பூனையும் இல்லை. தியாகி, தூய உள்ளம், எல்லோரையும் நேசித்த ஜீவன் என்று மனிதப் பண்புகளை ஏற்றிச் சொல்வதிலும் இதே குறைதான். எல்லோரையும் நேசிக்கும் பூனைகள் மிகச் சில. விருந்தினர் வந்தால் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டு, அவர்கள் செருப்பை மாட்டும் ஓசை கேட்ட பிறகே வெளியே வரும் பூனை என்றால் அதை அப்படியே எழுதுங்கள். அதைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

குரலைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று கத்திக்கொள்வது அரிது. அந்தக் குரலைப் பெரும்பாலும் மனிதர்களிடம்தான் பயன்படுத்துகின்றன. எந்தக் குரலுக்குக் கதவு திறக்கிறது, எந்தக் குரலுக்குத் தட்டு நிரம்புகிறது என்று ஒவ்வொரு பூனையும் தன் வீட்டாரிடம் பழகித்தான் அறிந்துகொள்கிறது. ஆகவே உங்கள் பூனை அதிகாலையில் படுக்கையருகே நின்று எழுப்பிய, தொடக்கத்தில் தணிந்து முடிவில் கேள்விபோல் உயர்ந்த அந்த ஒலி உங்கள் வீட்டுக்கென்றே உருவானது. வேறு எந்தப் பூனையிடமும் அதைத் திரும்பக் கேட்க முடியாது. புகைப்படத்தில் உடலின் நிறமும் காதின் வெட்டும் நிற்கும். குரலும், அலமாரியிலிருந்து குதிக்கும்போது தரையில் எழும் மெத்தென்ற இரட்டைச் சத்தமும், தூங்கப் போகுமுன் ஒரே போர்வையின் ஒரே மூலையை முன்கால்களால் மாறி மாறிப் பிசைந்ததும் படத்தில் வாரா. முதலில் மறந்து போவதும் இவைதாம். முதல் வாரத்திற்குள், நடையைப் பற்றிக் கவலைப்படாமல், இவற்றைக் குறித்து வைத்துவிடுங்கள். வாக்கியங்களைப் பிறகு சீர்செய்து கொள்ளலாம்.

வயதைச் சரியாக எழுதுவதும் முக்கியம். ஆங்கில ஓவியரும் கவிஞருமான எட்வர்ட் லியரின் பூனை ஃபாஸ் 1887இல் இறந்தது. அதைத் தோட்டத்து அத்தி மரத்தடியில் ஆழமாகப் புதைத்ததாகவும், அது சிறிதும் துன்பப்படவில்லை என்றும், வயது 31 என்று கல்லில் பொறிக்கப் போவதாகவும் அவர் நண்பருக்குக் கடிதம் எழுதினார். உண்மையில் ஃபாஸ் இருபது வயதைக்கூட எட்டவில்லை. தனிமையில் வாழ்ந்த முதியவர் ஒருவருக்குத் தம் வாழ்வின் பெரும்பகுதியும் அந்தப் பூனையோடு கழிந்ததாகத் தோன்றியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அடுத்த ஜனவரியில் அவரும் மறைந்தார். அதே லியர், ஃபாஸைப் படமாக வரைந்தபோது அதன் வெட்டுப்பட்ட குட்டை வாலை ஒருபோதும் நீட்டி வரைந்ததில்லை. கல்லைவிட அந்தப் படங்களில்தான் ஃபாஸ் எனக்கு நன்றாகத் தெரிகிறது. தெருவிலிருந்து வந்த பூனையாக இருந்து பிறந்த நாள் தெரியாவிட்டால், வீட்டுக்கு வந்த நாளை எழுதலாம்.

கடைசி நாட்களைப் பற்றி எழுதும்போதுதான் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. பூனைகள் வலியை மறைப்பதில் தேர்ந்தவை. முதுமையில் அவற்றைப் பெரிதும் தாக்கும் சிறுநீரக நோய், சிறுநீரகங்களின் பெரும்பகுதி செயலிழந்த பிறகே அடையாளம் காட்டுகிறது. தண்ணீர் அதிகம் குடிப்பதையும் மெலிவதையும் வீட்டார் கவனிக்கும் வேளையில் நோய் முற்றியிருப்பது வழக்கம். முன்பே கண்டுபிடித்திருக்கலாமே என்ற குற்ற உணர்வை இரங்கல் குறிப்பில் ஏற்ற வேண்டாம். அது உங்களைப் பற்றிய செய்தி, பூனையைப் பற்றியது அன்று. மீட்க வழியில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு ஊசி போட்டு விடைகொடுத்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். அளவு மிகுந்த மயக்க மருந்தே அந்த ஊசியில் செல்கிறது. நினைவு தப்பிய பிறகே மூச்சும் இதயமும் நிற்கின்றன. இன்ன நாளில், மடியில் வைத்திருக்கையில், மருத்துவர் ஊசி செலுத்த, அது அமைதியாக இறந்தது என்று ஒரே வாக்கியத்தில் எழுதலாம். வீட்டில் குழந்தை இருந்தால், பூனை தூங்கிவிட்டது என்று எழுதாமல் இறந்துவிட்டது என்றே எழுதுங்கள். தூக்கம் என்று கேட்ட குழந்தை அது விழிக்கும் என்று காத்திருக்கும். தானே தூங்கப் போகவும் அஞ்சும்.

எழுதி முடித்ததும், அந்தப் பூனையோடு வாழ்ந்தவர்களை உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். வெட்டு இருந்தது இடது காதில் அல்ல, வலது காதில் என்று ஒருவர் சொல்வார். மழை பெய்தால் அது சன்னலோரம் வராது, நீ சொல்வது தவறு என்று இன்னொருவர் மறுப்பார். அந்தத் திருத்தங்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, பெயரையும் வந்த நாளையும் இறந்த நாளையும் மேலே எழுதி, அதை அறிந்திருந்த எல்லோருக்கும் அனுப்பி வையுங்கள்.