மண்ணுக்கு ஒரு சோறு பதம் போதாது

(பம்மலில் குடியிருப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். மேடை ஏறும்போது தலைவர் என் காதருகே வந்து, "வேதியியல் அதிகம் வேண்டாம் சார், தூங்கிவிடுவார்கள்" என்றார். கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். யாராவது தூங்கினால் பழியை இந்த மின்விசிறியின் மேல் போட்டுவிடுகிறேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானைக்கு அது சரி. ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே அடுப்பு. மூடிக்கிடக்கும் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையின் மண்ணுக்கு அது பொருந்தாது. சில ஆண்டுகளுக்கு முன் ஆற்றோரம் அப்படி ஓர் இடத்தை விற்க முயன்றவர்கள், மூன்று புட்டிகளில் மண் எடுத்து எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். மூன்றும் வாசல் பக்கத்து மண். முடிவு அருமையாக வந்தது. பிறகு இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஆழம் மாற்றி மாற்றி எடுத்தோம். பின்பக்கத்தில், பழைய கழிவுத் தொட்டி இருந்த இடத்தில், மூன்றடிக்குக் கீழே நீலப்பச்சை நிறத்தில் ஓர் அடுக்கு. குரோமியம், தோல் பதனிடப் போடும் உப்பில் உள்ள உலோகம். அதற்குப் பத்தடி தள்ளித் தோண்டினால் சாதாரண வண்டல். மண்ணில் நஞ்சு பரவலாகக் கலந்து கிடப்பதில்லை. தொட்டி கசிந்த இடத்தில், வாய்க்கால் திரும்பிய மூலையில், மூட்டை அவிழ்த்த இடத்தில் குவிந்து கிடக்கிறது.

நம் பகுதிக்கும் குரோமியத்துக்கும் உள்ள உறவைப் பெயர்ப் பலகையே சொல்கிறது. குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டை அந்தப் பெயரைப் பெற்றது. அதற்கு முன் நம் ஊர்களில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்கள். குரோம் முறை வந்ததும் வேலை வேகமானது. தோலுக்குள் ஏறாத குரோமியமும், தோலைக் கெடாமல் வைக்கப் போட்ட உப்பும், முடி நீக்கிய சுண்ணாம்பும் நாகல்கேணி, பல்லாவரம் பக்கத்து வாய்க்கால்கள் வழியாக அடையாற்றுக்குப் போயின. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அது நீருக்கானது. அதற்கு முன்பே மண்ணில் இறங்கியது இறங்கியதுதான்.

இப்போது அந்த வேதியியல். குரோமியம் ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளைப் போல. மூன்று இணைதிறன் கொண்டது மூத்தது. சாது. நீரில் எளிதில் கரையாது, விழுந்த இடத்தில் மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஆறு இணைதிறன் கொண்ட இளையது நேர் எதிர். நீரில் கரையும், நிலத்தடி நீரோடு ஓடும், புற்றுநோய் உண்டாக்கும். தோல் தொழிலில் பயன்படுவது மூத்தது. அதனால் நிம்மதியாக இருக்கலாமா? முழுதாக இருக்க முடியாது. மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் மூத்தது மெல்ல மெல்ல இளையதாக மாறக்கூடும். தோல் கழிவைக் குவித்துக் கொளுத்தினாலும் மாறும். குப்பை சேர்ந்தால் தீ வைத்துவிடும் நம் பழக்கம் இங்கே எவ்வளவு ஆபத்தானது என்று பாருங்கள்.

இளையது தொடக்கத்திலிருந்தே குடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை போதும். அங்கே குரோமேட் உப்புகள் தயாரித்த ஓர் ஆலை 1990களில் மூடப்பட்டது. இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல் கழிவு அங்கேயே குவிந்து நின்றது. மழை பெய்தால் மஞ்சள் நீர் வழியும். பக்கத்தில் பாலாறு.

இதற்கு வைத்தியம் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருவார்களே, அந்த இரும்பு உப்பு இளையதை மூத்ததாக மாற்றிவிடும். பிறகு சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையை ஏற்றினால் குரோமியம் கரையாத வீழ்படிவாக மண்ணிலேயே தங்கிவிடும். கரும்பாலைக் கழிவுப்பாகை மண்ணுக்குள் செலுத்தி, நுண்ணுயிரிகளை வைத்து இதே வேலையைச் செய்யும் முறையும் இருக்கிறது. எண்ணெய்க் கசிவு என்றால் இன்னும் எளிது. மண்ணைப் பரப்பிக் காற்றும் ஈரமும் கொடுத்தால் நுண்ணுயிரிகள் எண்ணெயைத் தின்றே தீர்த்துவிடும். உலோகத்தை எந்த உயிரும் தின்று தீர்க்காது. கடுகு, சூரியகாந்தி போன்ற செடிகள் சில உலோகங்களை உறிஞ்சும், ஆனால் பல ஆண்டுகள் பிடிக்கும்; அறுவடை செய்த செடியே பிறகு கழிவாகிவிடும். "செடி நட்டால் போதும்" என்று யாராவது படம் போட்டுக் காட்டினால், அறுத்த செடி எங்கே போகும் என்று கேளுங்கள்.

நம் ஊர் ஒப்பந்ததாரருக்குத் தெரிந்த வைத்தியம் இவை எதுவும் அல்ல. தோண்டு, லாரியில் ஏற்று, கொண்டு போ. எனக்குத் தூக்கம் கெடுவது இந்த இடத்தில்தான். சென்னையில் சாலை உயர உயர வீடு பள்ளமாகிறது. மனை வாங்கியவர் முதலில் செய்வது சவுடு மண் அடிப்பது. பள்ளம் நிரப்ப மண் கேட்டு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்! தொழிற்சாலையில் தோண்டிய மண், முறைப்படி கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவுக் கிடங்கைப் போன்ற ஓரிடத்துக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரம் ஓட்டி, கட்டணமும் கட்டுவதைவிட, வழியில் ஒரு மனையில் கொட்டினால் கையில் காசு வரும். பிறகு அங்கே ஒரு வீடு எழும், கொல்லையில் முருங்கை நடுவார்கள். அந்த மண் எங்கிருந்து வந்தது என்று முருங்கைக்குத் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது.

முறைப்படி கொண்டு போனாலும் அது இடமாற்றம்தான். போபால் ஆலையில் நாற்பது ஆண்டுகள் கிடந்த 337 டன் கழிவை 2025 ஜனவரியில் பீதம்பூருக்கு எடுத்துச் சென்றபோது, அந்த ஊர் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆலை வளாகத்து மண்ணோ இன்னும் அங்கேயே இருக்கிறது.

வேறு வழியும் இருக்கிறது. லண்டனில் 2012 ஒலிம்பிக் பூங்கா அமைந்தது லீ ஆற்றங்கரையின் பழைய தொழிற்சாலை நிலத்தில். அங்கே மண் மருத்துவமனை என்றே பெயர் வைத்து, பத்து லட்சம் டன்னுக்கும் மேலான மண்ணை அந்த வளாகத்திலேயே கழுவிச் சலித்துப் பெரும்பகுதியை அங்கேயே திரும்பப் போட்டார்கள். சூட்சுமம் எளிது. நஞ்சு பெரும்பாலும் நுண்ணிய களியில் ஒட்டிக்கொள்ளும். மணலும் சரளையும் கழுவினால் சுத்தமாகிவிடும். ஆனால் அதை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது. ஆற்றோரத்தில் களியும் வண்டலும் மிகுந்த மண்ணைக் கழுவினால் மிஞ்சுவதே சேறுதான்.

மேலே நல்ல மண் போட்டு மூடிவிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று நான் சொல்வேன், ஆற்றங்கரையில் மட்டுமாவது. மேட்டு நிலத்தில் மூடாக்கு வேலை செய்யும். இங்கே மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கீழிருந்து ஏறுகிறது, கோடையில் இறங்குகிறது. மூடி மேலே இருக்க, நீர் அடியில் நுழைந்து நனைத்துவிட்டுப் போகிறது. நம் பகுதியின் அடியில் சார்னோக்கைட் பாறை. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் கிடக்கும் அதே பல்லாவரத்துக் கல். அதன் வெடிப்புகள் வழியே நீர் எந்தப் பக்கம் போகும் என்பதை வரைபடத்தில் கோடு போட்டுச் சொல்லிவிட முடியாது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் வந்த இரவை நினைத்துப் பாருங்கள். அன்று யார் வீட்டுக்குள் எந்த இடத்துச் சேறு வந்தது என்று யாருக்குத் தெரியும்?

சட்டத்துக்கு வருகிறேன், விரைவாக. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் நம் வட ஆற்காட்டுத் தோல் தொழிற்சாலை வழக்கில்தான் அழுத்திச் சொன்னது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்பது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசடைந்த இடங்களுக்கென்றே தனி விதிகள் வர 2025 ஜூலை வரை காத்திருந்தோம். சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியல், முதற்கட்ட ஆய்வு, விரிவான ஆய்வு, பொறுப்பாளி யார் என்று கண்டறிதல் எல்லாம் அதில் இருக்கின்றன. வேலையை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுதான் இல்லை. கெடு இல்லாத வேலை நம் ஊரில் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பட்டியலில் ஓர் இடம் சேர, அது எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். எந்தத் தொட்டி எங்கே இருந்தது, கழிவு எந்தப் பக்கம் ஓடியது என்பது பட்டாவில் இருக்காது. அங்கே வேலை பார்த்தவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்களில் நான்கு பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாய்க்கால் பாலத்தருகே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நானும் மண் எடுக்கும் துறப்பணத்தோடு வருகிறேன். கையில் தாளும் பென்சிலும் கொண்டு வாருங்கள். காலில் செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள்.