நிலாவில் புகை போகாது மக்களே! அணுஉலைச் சூட்டை எங்கே கொட்டுவது?

வணக்கம் மக்களே. இன்றைக்கு வேறு தலைப்பு பேசுவதாக இருந்தது, தள்ளி வைத்துவிட்டேன். காரணம், நேற்று ராத்திரி பார்த்த ஓர் அனிமேஷன். நிலாவில் மனிதர்கள் தங்கும் முகாம், பக்கத்தில் அணுஉலை. அதுவரை சரி. அந்த உலைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குளிர்விப்புக் கோபுரம், அதிலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை! எந்தச் சேனல் என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆனால் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டிய தண்ணீரை ஆவியாக்கி வெற்றிடத்தில் ஊதித் தள்ளுகிறார்களே, மனசு ஆறவில்லை.

சோலார் பேனலுக்கு நான் எதிரி என்று ஒரு பேர் வாங்கி வைத்திருக்கிறேன். எதிரியெல்லாம் இல்லை. செவ்வாயில் 2018 புழுதிப் புயலில் ஆப்பர்ச்சுனிட்டி ரோவர் அடங்கியது, 2022-இல் பேனலில் தூசி படிந்து இன்சைட் லேண்டர் அடங்கியது. இயந்திரம் அடங்கினால் இரங்கல் வீடியோ போடலாம். உள்ளே ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால்?

நிலாவில் புழுதியை விட இரவுதான் பிரச்சினை. ஓர் இரவு ஏறக்குறைய 354 மணி நேரம். சந்திரயான் 3-இன் விக்ரமும் பிரக்யானும் ஒரு பகல் முழுக்க ஒழுங்காக வேலை செய்தன, இரவு முடிந்த பிறகு எழுந்திருக்கவில்லை.

பேட்டரியில் ஓட்டலாமே என்று ஒவ்வொரு வீடியோவிலும் கேட்கிறவர்களுக்காகவே இந்தக் கணக்கு. முகாமுக்கு 40 கிலோவாட் வேண்டும், 354 மணி நேரம் வேண்டும். பெருக்கினால் 14,160 கிலோவாட்-மணி. ஒரு கிலோ பேட்டரிக்கு 200 வாட்-மணி என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 70 டன் வருகிறது! அப்பல்லோவில் இரண்டு பேரை இறக்கிய லேண்டர் எரிபொருளோடு சேர்த்தே 15 டன்தான். 2022-இல் நாசா மூன்று நிறுவனக் குழுக்களிடம் 40 கிலோவாட் உலைக்கு வடிவமைப்பு கேட்டபோது வைத்த எடை வரம்பு 6 டன். 2025-இல் அந்த இலக்கை 100 கிலோவாட்டுக்கு ஏற்றிவிட்டார்கள், 2030 வாக்கில் வேண்டுமாம். தேதியை நான் நம்பவில்லை. கிலோவாட்டை நம்புகிறேன்.

சரி, இப்போது என் செல்லப் பிள்ளைக்கு வருவோம். ரேடியேட்டர், அதாவது மிச்ச வெப்பத்தை வெளியே கொட்டும் தகடு. உலை என்றாலே எல்லோரும் கதிரியக்கத்துக்குப் பயப்படுகிறார்கள். உலையைக் கொஞ்ச தூரத்தில் வைத்து, மண்ணைக் குவித்து, கேபிள் இழுத்தால் அதைச் சமாளிக்கலாம். எனக்குப் பயம் சூடுதான். 40 கிலோவாட் மின்சாரம் எடுக்கிறோம், திறன் 25 சதவீதம், அதாவது உலையின் வெப்பத்தில் கால் பங்குதான் மின்சாரமாகும் என்றால் மிச்சம் 120 கிலோவாட் வெறும் வெப்பம். காற்றும் கிடையாது, ஆறும் கிடையாது. தகடு வழியாக வெளியே கதிர்வீச்சாகப் போனால்தான் உண்டு. தகட்டை 400 கெல்வினில் (சுமார் 127 டிகிரி செல்சியஸ்) வைத்து, இரண்டு பக்கமும் கதிர்வீசுகிறது என்று என் கணக்கு ஷீட்டில் போட்டேன். சுமார் 46 சதுர மீட்டர், அதாவது பேட்மிண்டன் கோர்ட்டில் பாதிக்கும் மேலே. 500 கெல்வினுக்கு ஏற்றினேன், 19-க்கு இறங்கிவிட்டது! வெளியே போகும் கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்காகக் கூடும், அது செய்கிற வேலை. ஆனால் தகட்டுப் பக்கம் சூடானால், வெப்பத்தை மின்சாரமாக்கும் என்ஜினின் திறன் குறையும், திறன் குறைந்தால் கொட்ட வேண்டிய வெப்பம் கூடும். இந்த இழுபறியை விட்டுவிட்டு அணுசக்தி பேசுகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

இதோ, கேமராவைக் கொஞ்சம் இறக்குகிறேன். தெரிகிறதா? அட்டையில் செய்த மடிப்பு ரேடியேட்டர். ராக்கெட்டின் மூக்குக்குள் அடங்க வேண்டும், இறங்கியதும் விரிய வேண்டும். நூலை இழுத்தால் நான்கு பலகை அழகாக விரிகிறது, கடைசிப் பலகை மட்டும் பாதியில் நின்றுவிடும். பசை மாற்றினேன், நூல் மாற்றினேன், மூலையைச் சீவினேன், நடுவில் அட்டையையே வெறுத்துவிட்டேன். கடைசியில் கோளாறு என்ன தெரியுமா? எல்லா மடிப்பும் ஒரே நேரத்தில் திறக்கப் பார்த்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. கீல்களை ஒவ்வொன்றாகத் திறக்கும்படி இறுக்கத்தை மாற்றினேன். இப்போது பாருங்கள்... விரிந்துவிட்டது! இன்னொரு தடவை பாருங்கள். தம்ப்நெயில் இதுதான்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். என்ஜின் என்றேன், எந்த என்ஜின் என்று சொல்லவில்லை. ஸ்டெர்லிங், அடைத்த வாயுவைச் சூடாக்கிக் குளிர்வித்து பிஸ்டனை ஆட்டும் என்ஜின். 2018 மார்ச்சில் நெவாடாவில் கிரஸ்டி என்ற குட்டி உலையை 28 மணி நேரம் ஓட்டினார்கள். யுரேனியம் மையம், சோடியம் நிரப்பிய வெப்பக் குழாய்கள், முனையில் ஸ்டெர்லிங். எனக்குப் பிடித்த இடம், வெப்பம் எடுப்பதை வேண்டுமென்றே குறைத்துப் பார்த்தார்கள். மையம் சூடாகி விரிந்தது, நியூட்ரான்கள் கூடுதலாக வெளியே கசிந்தன, உலை தானாகவே அடங்கியது. பக்கத்தில் நின்று திருக ஆள் தேவையில்லை. இன்னொன்று, புறப்படும்போது உலையை இயக்குவதே இல்லை. இயக்காத யுரேனியத்தில் கதிரியக்கம் ரொம்பக் குறைவு.

"செவ்வாயில் இருக்கும் கியூரியாசிட்டி ரோவரில்தான் உலை இருக்கிறதே" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அது புளூட்டோனியம் தானாகச் சிதைவதால் வரும் சூடு, தொடக்கத்தில் 110 வாட் மின்சாரம், அவ்வளவுதான். ரோவருக்குப் போதும். பெர்சிவரன்ஸ் ரோவரில் இருந்த மோக்ஸி, செவ்வாய்க் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் கருவி, மொத்தமாகத் தயாரித்தது 122 கிராம். நான்கு பேர் செவ்வாயிலிருந்து ராக்கெட்டில் கிளம்ப 25 டன் ஆக்சிஜன் தேவை என்று மதிப்பிடுகிறார்கள். அந்த இடைவெளியை 110 வாட்டில் தாண்ட முடியாது. ஆனாலும் அந்தப் புளூட்டோனியக் குடும்பத்தில் ஒரு கதைக்காக எல்லாவற்றையும் மன்னிப்பேன். 1969-இல் அப்பல்லோ 12, புளூட்டோனிய எரிபொருள் உருளை உறையிலிருந்து வர மறுக்கிறது. விண்வெளி வீரர் ஆலன் பீன் இழுக்க, கூட இருந்த பீட் கான்ராட் சுத்தியலால் உறையைத் தட்டத் தட்ட வெளியே வந்தது. நிலாவில், சுத்தியலால்!

ஷீட் லிங்க் கீழே இருக்கிறது. வெப்பநிலை மஞ்சள் கட்டம், மாற்றி விளையாடுங்கள். ஒன்றே ஒன்று கவனியுங்கள்: நிலநடுக்கோட்டுப் பக்கம் நண்பகலில் தரையே 390 கெல்வினுக்குச் சுட்டு, உங்கள் தகட்டின் மீது திருப்பிக் கதிர்வீசும். 400 கெல்வின் தகடு அங்கே திணறும். சூரியன் அடிவானத்திலேயே சுற்றும் தென்துருவத்தில் தரை அவ்வளவு சுடாது. அதனால் முகாம் எந்த இடத்தில் என்று முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு மஞ்சள் கட்டத்தைத் தொடுங்கள். தரையின் சூட்டையும் சேர்த்து யாராவது போட்டுப் பார்த்தால் எண்ணை கமெண்டில் போடுங்கள், அடுத்த வீடியோவில் ஒப்பிடுவோம்.